அத்தியாயம் 7: ஸ்பானிய நாற்காலி – வாங்குவதும் பேணுவதும்

பல வருடங்களுக்கு முன் பழைய சாமான் கடை ஒன்றில் இந்த நாற்காலியை முதன்முதலாகக் கவிழ்த்துப் பார்த்தேன். நிமிர்ந்து நின்றபோது குறை எதுவும் தெரியவில்லை. ஓக் மரச் சட்டம் ஆடாமல் நின்றது. தோல் புளியங்கொட்டை நிறத்துக்குப் பழுத்திருந்தது. அடிப்பக்கம்தான் உண்மையைச் சொன்னது. இருக்கைத் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டிய வார்களை யாரோ அறுத்துவிட்டு, தோலின் ஓரத்தை மரத்தோடு சேர்த்து இரும்பு ஆணிகளால் அறைந்திருந்தார்கள். ஆணி இறங்கிய இடமெல்லாம் மரம் கறுத்திருந்தது. இரண்டு இடங்களில் இழையோடு வெடித்திருந்தது. தோலும் ஆணித் துளைகளிலிருந்து கிழியத் தொடங்கியிருந்தது. தொய்ந்த இருக்கையைச் சரிசெய்ய நினைத்தவர், சரிசெய்வதற்கென்றே வைக்கப்பட்ட உறுப்பை அறுத்து எறிந்திருந்தார்.

பக்கிள் வைத்த வார்தான் அந்த உறுப்பு. டென்மார்க்கைச் சேர்ந்த போர்கே மோகென்சென் 1958-இல் வடிவமைத்த ஸ்பானிய நாற்காலியைப் புரிந்துகொள்ள, வாங்க, நீண்ட காலம் வைத்துக்கொள்ள இந்த வாரிலிருந்துதான் தொடங்க வேண்டும். மரமும் தோலும் சேர்ந்த ஸ்காண்டிநேவிய நாற்காலிகள் பல உண்டு. அவற்றைப் பேணும் முறையை இந்த ஒன்றை வைத்தே கற்றுக்கொள்ளலாம் என்பதால் இதை எடுத்துக்கொண்டேன்.

வந்த வழி

மோகென்சென் 1914-இல் டென்மார்க்கின் வடக்கே ஆல்போர்க் நகரில் பிறந்தார். முதலில் மரச்சாமான் தச்சராகப் பயிற்சி பெற்றார். பிறகு கோபன்ஹேகனில் அரச கலைக் கழகத்தின் மரச்சாமான் பிரிவில் கோரே கிளிண்டிடம் படித்தார். கிளிண்ட் மாணவர்களுக்கு வற்புறுத்திய பாடம் ஒன்று உண்டு: புதிதாக ஒன்றை வரைவதற்கு முன், ஏற்கெனவே நன்றாக இருப்பதை அளந்து பார், ஏன் நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடி. அவரே அப்படித்தான் செய்தார். 1933-இல் அவர் வடிவமைத்த சஃபாரி நாற்காலிக்கு மூலம், இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவம் கூடாரங்களில் பயன்படுத்திய ரூர்க்கி நாற்காலி. கழற்றி மூட்டை கட்டக்கூடிய, பசையே இல்லாத அந்தப் பாசறை நாற்காலிக்கு நம் வடநாட்டு ரூர்க்கி ஊரின் பெயர்தான்.

மோகென்சென் 1942 முதல் 1950 வரை டென்மார்க்கின் நுகர்வோர் கூட்டுறவு அமைப்பான எஃப்.டி.பி.யின் மரச்சாமான் வடிவமைப்புப் பிரிவை நடத்தினார். சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய நல்ல சாமான் செய்வது அவர் வேலை. 1947-இல் வந்த ஜே-39 நாற்காலி அந்தக் காலத்தின் விளைச்சல். 1950-இல் தடித்த சேணத் தோலை ஓக் சட்டத்தில் வாரால் இழுத்துக் கட்டிய 'வேட்டை நாற்காலி'யைச் செய்தார். எட்டு ஆண்டுகள் கழித்து வந்த ஸ்பானிய நாற்காலி அதன் தம்பி.

பெயருக்குக் காரணம் அவருடைய ஸ்பெயின் பயணம். அங்கே 16, 17ஆம் நூற்றாண்டுகளிலிருந்து வழக்கில் உள்ள ஒருவகை நாற்காலியை அவர் கவனித்தார். அகன்ற கைகள், இரண்டு பக்கச் சட்டங்களுக்கு இடையே விறைப்பாக இழுத்த தோல். குர்துபா போன்ற ஊர்களில் இஸ்லாமியர் ஆட்சிக்காலத்திலேயே தோல்வேலை பெரும் கலையாக வளர்ந்திருந்த நாடு அது. ஆனால் அந்தப் பழைய நாற்காலிகளில் தோலைப் பெரிய தலை வைத்த ஆணிகளால் மரத்தில் அறைந்திருப்பார்கள். தோல் தொய்ந்தால் ஆணிகளைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

மோகென்சென் அந்த வடிவத்திலிருந்து செதுக்கு வேலைப்பாட்டை நீக்கினார். ஓய்வாகச் சாய்ந்து அமரும்படி உயரத்தைக் குறைத்தார். ஆணியை நீக்கி வாரும் பக்கிளும் வைத்தார். தோல் தொய்யும் என்பது அவருக்குத் தெரியும். அதைத் தடுக்க முயலவில்லை. தொய்ந்ததை வீட்டுக்காரரே இறுக்கிக்கொள்ள வழி செய்தார். நம் வீட்டு ஈஸிச்சேரில் துணி தொய்ந்தால் கழியை உருவி வேறு துணி மாட்டுவோமே, அந்த நியாயம்தான் இங்கே தோலுக்கு வந்திருக்கிறது.

டென்மார்க்கின் ஃப்ரெடெரிசியா நகரில் 1911-இல் தொடங்கிய நாற்காலித் தொழிற்சாலையை ஆண்ட்ரெயாஸ் கிராவர்சென் 1955-இல் வாங்கி மோகென்சென்னுடன் சேர்ந்து இயங்கினார். ஸ்பானிய நாற்காலியின் தயாரிப்பாளர் அந்த நிறுவனம்தான். இன்றும் அது இதைத் தயாரிக்கிறது. ஆகவே சந்தையில் 1960களின் பழைய நாற்காலியும் கிடைக்கும், சென்ற மாதம் செய்ததும் கிடைக்கும். இரண்டுக்கும் பேணும் முறை ஒன்றுதான்.

உறுப்புகளை அறிந்துகொள்ளுங்கள்

சட்டம்: திட ஓக் மரம். நான்கு கால்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி இன்னொன்றில் வெட்டிய துளைக்குள் செருகிப் பசையிட்ட மூட்டுகள். உடல் எடை முழுவதையும் இந்த மூட்டுகளே தாங்குகின்றன. தோலை இழுத்துக் கட்டும்போது பக்கச் சட்டங்கள் இரண்டும் உள்நோக்கி இழுபடுகின்றன. அதனால் ஆள் உட்காராத நேரத்திலும் மூட்டுகளுக்கு வேலை இருக்கிறது.

கைகள்: பலகை போல அகன்று தட்டையாக இருக்கும். தேநீர்க் கோப்பையோ புத்தகமோ தாராளமாக வைக்கலாம். பக்கத்தில் சிறு மேசை தேவைப்படாத வண்ணம் வேண்டுமென்றே செய்த அகலம் அது. நாற்காலியில் அதிகம் கறை படும் இடமும் அதுவே.

தோல்: இருக்கைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. இரண்டும் தடித்த சேணத் தோல். குதிரைச் சேணத்துக்குப் பயன்படுத்தும் வகை என்பதால் அந்தப் பெயர். உள்ளே பஞ்சோ ஸ்பிரிங்கோ கிடையாது. இருக்கையின் வார்கள் அடியிலும் முதுகின் வார்கள் பின்னாலும் பக்கிளில் மாட்டியிருக்கும்.

அளவு: அகலம் ஏறக்குறைய 82 செ.மீ., உயரம் 67 செ.மீ., இருக்கையின் உயரம் 33 செ.மீ. அளவில். கடைசி எண்ணை இரண்டாம் முறை படியுங்கள். சாப்பாட்டு மேசை நாற்காலி 45 செ.மீ. உயரம் இருக்கும். இது அதைவிட ஏறக்குறைய அரைச் சாண் தாழ்ந்திருக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இதை வாங்கித் தர நினைத்தால் முதலில் அவர்களை உட்கார்ந்து எழச் சொல்லிப் பாருங்கள். அகன்ற கைகளில் ஊன்றி எழலாம் என்றாலும் அந்த உயரம் எல்லோருக்கும் ஒத்துவராது. அழகுக்காக வாங்கி, வீட்டின் மூத்தவர் ஒருநாளும் உட்காராத நாற்காலியாக அது மூலையில் நிற்கக் கூடாது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய நாற்காலியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இந்த வரிசையில் பார்த்தால் எதுவும் விடுபடாது.

1. கவிழ்த்துப் பாருங்கள். தரையில் போர்வை விரித்து அதன்மேல் கவிழுங்கள். விற்பவர் மறுத்தால் அந்த நாற்காலி வேண்டாம். தயாரிப்பாளரின் முத்திரையோ ஒட்டுச்சீட்டோ இருந்தால் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். சீட்டு உதிர்ந்துபோயிருக்கலாம், அது இல்லாததால் மட்டுமே போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

2. துளைகளை எண்ணுங்கள். வாரில் பக்கிள் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது, இன்னும் எத்தனை துளைகள் மிச்சம்? எல்லா வார்களும் கடைசித் துளையில் இருந்தும் இருக்கை தொய்ந்திருந்தால் தோலின் இழுவை தீர்ந்துவிட்டது என்று பொருள். புதுத் தோலுக்கான செலவையும் விலையோடு கூட்டிக் கணக்கிடுங்கள்.

3. வார் வளையும் இடத்தைப் பாருங்கள். பக்கிளில் நுழைந்து மடியும் இடம்தான் முதலில் வெடிக்கும். நூல் தையலையும் அங்கேயே சோதியுங்கள். இருக்கைத் தோல் சட்டத்தைச் சுற்றி மடியும் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள்.

4. தோலின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஓரத்தில் தோலின் தடிமன் தெரியும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் வெட்டுமுகம் முழுவதும் பழுப்பாக இருக்கும். குரோமியம் உப்பில் பதனிட்ட தோலின் நடுப்பகுதி பெரும்பாலும் நீலச் சாம்பல் நிறம் காட்டும். துணியோ நார் அடுக்கோ தெரிந்தால் அது தோல்தூளை ஒட்டிச் செய்த பொருள். இழுவையைத் தாங்காது.

5. வெள்ளைத் துணியால் தேயுங்கள். செம்பழுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பட்டைச்சாற்றில் பதனிட்ட தோல் பல பத்தாண்டுகளில் அமிலத்தன்மை ஏறிப் பொடிந்துபோவதுண்டு. அதற்கு மருந்து கிடையாது. எந்த எண்ணெயும் அந்தத் தோலுக்கு உயிர் தராது. வெறும் வறட்சி என்றால் பொடி வராது, தோல் விறைப்பாக மட்டும் இருக்கும்.

6. சட்டத்தை ஆட்டுங்கள். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மெல்லத் திருகினால் தளர்ந்த மூட்டு சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். மூட்டு தளர்ந்திருப்பது பெரிய குறை இல்லை, பிரித்து ஒட்டலாம். மரம் வெடித்திருந்தால் விலையில் அது தெரிய வேண்டும்.

7. ஆணி, ஸ்குரு தேடுங்கள். மூட்டில் புதிதாக முடுக்கிய ஸ்குருவோ இரும்புத் தகடோ இருந்தால் யாரோ அவசரப் பழுது பார்த்திருக்கிறார்கள். கைகளின் அடிப்பக்கத்தையும் விடாதீர்கள்.

தோலின் நிறம் கறுத்திருப்பதை, அதில் நகக்கீறல் இருப்பதை, கையில் கோப்பையின் வட்டம் தெரிவதைக் குறையாக எண்ணாதீர்கள். வெளிறிய புதுத்தோல் இருபது முப்பது வருடங்களில் அடையும் நிறத்துக்காகவே பலர் பழையதைத் தேடுகிறார்கள். முதல் தோலே நல்ல நிலையில் இருக்கும் பழைய நாற்காலி, புதுத் தோல் போட்டதைவிட மதிப்புள்ளது.

டென்மார்க்கில் வசிப்பவர்களுக்கு ஏலக் கடைகள், பழம்பொருள் கடைகள், வார இறுதிச் சந்தைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. வாங்கும் எண்ணம் வந்தவுடன் கோபன்ஹேகனின் டிசைன் மியூசியத்துக்கோ கோல்டிங் நகரின் ட்ராப்ஹோல்ட் அருங்காட்சியகத்துக்கோ ஒருமுறை போய் வாருங்கள். டேனிஷ் நாற்காலிகளின் நல்ல தொகுப்பு இரண்டிலும் உண்டு. சரியான விகிதங்கள் கண்ணில் பதிந்துவிட்டால், கையின் அகலத்தைக் குறைத்து, மரத்தை மெலியவைத்துச் செய்த போலி தானாகவே துருத்திக்கொண்டு தெரியும்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே காலத்து டேனிஷ் நாற்காலிகளில் பிரேசில் ரோஸ்வுட்டில் செய்தவை உண்டு. அந்த மரம் 1992 முதல் பன்னாட்டு வணிகத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டின்கீழ் இருப்பதால், உரிய அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை கடக்க முடியாது. ஐரோப்பிய ஓக்குக்கு அந்தச் சிக்கல் இல்லை.

தோலைப் பேணும் முறை

சேணத் தோல் மரப்பட்டைச் சாற்றில் ஊறிப் பதமாவது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட முறைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே: பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் தோலின் நாரோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் செய்யக்கூடியதும் கூடாததும் தாமாகவே விளங்கும்.

துவர்ப்புப் பொருள் இரும்பைத் தொட்டால் கறுக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய ஊர் நம்முடையது, அந்த ரசாயனம் நமக்குப் புதிதல்ல. ஈரமான தோலில் இரும்புச் சாவிக்கொத்தை வைத்தால் அழியாத கறுப்பு அடையாளம் விழும். ஓக் மரத்திலும் இதே துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. நான் பார்த்த அந்த ஆணி அறைந்த நாற்காலியில் மரம் கறுத்ததன் காரணம் இதுதான். வாரை மாற்ற நேர்ந்தால் பித்தளைப் பக்கிளே போடுங்கள்.

வாரம் ஒருமுறை உலர்ந்த மெல்லிய துணியால் தூசி துடைத்தால் போதும். தண்ணீர் சிந்தினால் உடனே ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஒரு துளி மட்டும் நடுவில் வட்டமாகத் தெரிந்தால், அந்தத் தோல் முழுவதையும் பிழிந்த ஈரத்துணியால் சீராக ஒற்றி நிழலில் உலரவிடுங்கள், வட்டத்தின் விளிம்பு மங்கும். முடியை உலர்த்தும் கருவியையோ ஹீட்டரையோ கிட்டே கொண்டுவராதீர்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, தோல் வறண்டதாகத் தோன்றினால் இரண்டு முறை, சேணத் தோலுக்கான கொழுப்புக் களிம்பை மிக மெல்லியதாகத் தடவுங்கள். முதலில் அடியில் ஒரு மூலையில் தடவி ஒருநாள் காத்திருந்து நிறத்தைப் பாருங்கள். களிம்பு எப்படியும் நிறத்தைக் கொஞ்சம் ஆழமாக்கும். ஒரு மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அதிகம் தடவினால் நல்லது என்ற எண்ணம் இங்கே கெடுதல் செய்யும். எண்ணெய் ஏறிய தோல் இளகி நீளும், இருக்கை சீக்கிரம் தொய்யும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்கள் வேண்டாம், அவை நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும், பிசுபிசுக்கும்.

புதுத் தோல் வெயில்பட்டு நிறம் மாறும். முதல் சில மாதங்களில் அதன்மேல் துண்டோ மெத்தையோ போட்டுவைத்தால் மூடிய இடம் வெளிறியும் மற்ற இடம் கறுத்தும் போகும். ஜன்னல் அருகே வைத்திருந்தால் மாதம் ஒருமுறை நாற்காலியின் முகத்தைத் திருப்பி வையுங்கள். நேர் வெயிலிலும் ரேடியேட்டருக்கு ஒரு மீட்டருக்குள்ளும் வைக்காதீர்கள். வட ஐரோப்பியக் குளிர்காலத்தில் சூடேற்றிய அறையின் காற்று தோலை வெடிக்கச் செய்யும் அளவுக்கு வறண்டது.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் எதிர்ப்பக்கம்: பூஞ்சை. சுவரை ஒட்டி வைக்காமல் பின்புறம் காற்று போகும்படி நகர்த்தி வையுங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் நாற்காலியை வெளியே கொண்டுபோய் மென்மையான தூரிகையால் தட்டி, நிழலில் காற்றாடவிடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் பூஞ்சைக்கு நீங்களே வீடு கட்டிக்கொடுத்தது போலாகும்.

மரத்தைப் பேணும் முறை

முதலில் மரத்தின் மேற்பூச்சு என்னவென்று கண்டறியுங்கள். கையின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். அது முத்தாக நின்றால் வார்னிஷ். மெல்ல உள்ளே இறங்கி மரம் கருமை காட்டினால் சோப்போ, தீர்ந்துபோன எண்ணெய்ப் பூச்சோ இருக்கலாம். எண்ணெய்ப் பூச்சு மரத்துக்கு மஞ்சள் கலந்த வெதுவெதுப்பான நிறம் தரும். சோப்பு போட்ட ஓக் வெளிறி, கைக்கு மென்மையாக இருக்கும்.

சோப்புப் பூச்சு டேனிஷ் வீடுகளின் பழைய வழக்கம். மணமும் நிறமும் சேர்க்காத சோப்புச் சீவலை வெந்நீரில் பொட்டலத்தில் சொன்ன அளவில் கரைத்து, ஆறியபின் பஞ்சில் தோய்த்து மர இழையோடு தடவி, சில நிமிடங்களில் மிச்சத்தைத் துடைப்பார்கள். கையை மட்டும் தடவிவிட்டு நிறுத்தாமல், அதே சட்டத்தின் எல்லாப் பக்கங்களையும் சேர்த்துத் தடவுங்கள், இல்லையென்றால் நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். தண்ணீர் பட்டதால் மர நார் எழும்பிச் சொரசொரக்கும். நன்றாகக் காய்ந்தபின் 220க்கும் மேற்பட்ட நம்பர் உப்புத்தாளால் இழையோடு லேசாகத் தேய்த்தால் மறையும். சோப்பு நீர் தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வார்களைக் கழற்றி, தோலை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். வருடத்துக்கு இருமுறை போதும்.

எண்ணெய்ப் பூச்சுள்ள சட்டத்துக்கு மரச்சாமானுக்கான எண்ணெயை வருடம் ஒருமுறை மெல்லியதாகத் தடவித் துடையுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து வெளியே காயவைத்தபின் அப்புறப்படுத்துங்கள். வார்னிஷ் சட்டத்துக்கு ஈரத்துணியும் பின் உலர்ந்த துணியுமே போதும்.

கைகளில் கறை படிந்தால் அதன் நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளை வட்டம் என்றால் ஈரம் வார்னிஷுக்குள் மட்டும் தங்கியிருக்கிறது, பெரும்பாலும் சில நாளில் தணியும். கறுப்பு வட்டம் என்றால் இரும்பும் ஈரமும் மரத்துக்குள் இறங்கிவிட்டன. சோப்பு அல்லது எண்ணெய்ச் சட்டமானால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால் அதை நீக்கலாம். அது நச்சுப்பொருள். கையுறையும் காற்றோட்டமும் தேவை, குழந்தைகள் இருக்கும் வீட்டில் தச்சரிடம் விட்டுவிடுவதே நல்லது. எந்தக் கறைக்கும் இரும்பு நாரை எடுக்காதீர்கள். ஓக்கின் நுண்துளைகளில் சிக்கும் இரும்புத் துணுக்குகள் அடுத்த ஈரத்தில் நூறு கறுப்புப் புள்ளிகளாக முளைக்கும்.

வாரை இறுக்குதல்

புதுத் தோல் முதல் வருடத்தில்தான் அதிகம் நீளும். உட்கார்ந்தால் இருக்கை குழிந்து தொடைக்கு அடியில் பக்கச் சட்டம் உறுத்தத் தொடங்கினால் இறுக்கும் நேரம் வந்துவிட்டது.

1. போர்வை மேல் நாற்காலியைக் கவிழுங்கள். இருவர் இருந்தால் எளிது.

2. இப்போது ஒவ்வொரு பக்கிளும் எந்தத் துளையில் இருக்கிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

3. நடு வாரில் தொடங்குங்கள். வாரைச் சீராக இழுத்து ஒரே ஒரு துளை ஏற்றுங்கள். பிறகு இருபுறமும் அதே போல. ஒரு பக்கம் இரண்டு துளையும் மறுபக்கம் ஒரு துளையுமாக ஏற்றினால் தோல் கோணலாக நீண்டு நிரந்தரமாக அப்படியே நின்றுவிடும்.

4. நிமிர்த்தி உட்கார்ந்து பாருங்கள். போதாது என்று தோன்றினாலும் ஒரு வாரம் பொறுத்து அடுத்த துளைக்குப் போங்கள்.

5. வார் வறண்டு விறைத்திருந்தால் இழுக்காதீர்கள். வாருக்கு மட்டும் களிம்பு தடவி மறுநாள் முயலுங்கள். பல வருடம் கையே படாத வாரை வலிந்து இழுத்தால் மடிப்பில் அறுந்துவிடும்.

பறை போல விறைக்கும்வரை இறுக்குவது தவறு. உட்காரும்போது தோல் கொஞ்சம் இறங்கி உடம்பை ஏந்த வேண்டும். மெத்தையில்லாத இந்த நாற்காலியின் சுகமே அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. அதிக விறைப்பு மூட்டுகளையும் இழுத்துத் தளர்த்தும்.

பழுது வந்தால்

துளை தீர்ந்துவிட்டால் இன்னும் ஒரு துளை போடலாம், வாரின் தோல் உறுதியாக இருந்தால் மட்டும். வட்ட முனையுள்ள துளைக்கருவியால் போடுங்கள். கத்தியால் கீறிய துளையின் மூலையிலிருந்து கிழிசல் ஓடும். தையல் விட்டுப்போனால் மெழுகேற்றிய லினன் நூலால் பழைய துளைகள் வழியாகவே தையுங்கள். புதுத் துளைகள் போட்டால் தோல் தபால்தலை போலக் கிழியும்.

தோலே முடிந்துவிட்டால் தயாரிப்பாளரிடம் கேளுங்கள், அல்லது சேணம் தைப்பவரிடம் பழைய தோலை முழுதாகக் கொடுங்கள். அதை வைத்து அச்சு எடுக்க வேண்டும் என்பதால் கிழிந்த தோலையும் வார்களையும் தூக்கி எறியக் கூடாது. சோபா தைக்கும் மெல்லிய தோலை ஏற்காதீர்கள். அது ஒரே கோடையில் பை போலத் தொங்கும். தளர்ந்த மூட்டைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டி கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். மூட்டின்மேல் ஸ்குரு முடுக்குவது பழுதை மறைக்குமே தவிர தீர்க்காது.

ஆணி அறைந்த அந்த நாற்காலியை நான் வாங்கினேன். ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கி, வெடிப்புகளில் பசை ஏற்றி, கறுப்பை முடிந்தமட்டும் போக்கினோம். தோலை மீட்க முடியவில்லை. சேணக்காரர் ஒருவர் அதை அச்சாக வைத்துப் புதுத் தோல் வெட்டி, பித்தளைப் பக்கிள் பொருத்திய வார்களைத் தைத்துக் கொடுத்தார். ஆணித் துளைகளின் தழும்பு இன்றும் அடிச்சட்டத்தில் இருக்கிறது. நாற்காலி உறுதியாக நிற்கிறது. இதுவரை ஒவ்வொரு வாரிலும் இரண்டு துளை ஏற்றியிருக்கிறேன்.

வருட நாட்குறிப்பு

வாரந்தோறும்: உலர்ந்த துணியால் துடைத்தல்.
மாதந்தோறும்: நாற்காலியின் முகத்தைத் திருப்பி வைத்தல்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை: சோப்புச் சட்டத்துக்குச் சோப்பு, கவிழ்த்து வார், தையல், மூட்டு பார்த்தல்.
வருடம் ஒருமுறை: தோலுக்குக் களிம்பு, எண்ணெய்ச் சட்டத்துக்கு எண்ணெய், தேவையானால் ஒரு துளை இறுக்குதல்.

மோகென்சென் 1972-இல் மறைந்தார். அவர் வரைந்த நாற்காலிகளில் பல இன்று மூன்றாவது தலைமுறையின் கையில் இருக்கின்றன. அவை நிலைத்ததற்கு ஓக்கின் உறுதி ஒரு காரணம் என்றால், தொய்ந்தபோதெல்லாம் குனிந்து வாரை இழுத்து மாட்டிய கைகள் இன்னொரு காரணம். உங்களிடம் இந்த நாற்காலி இருந்தால் இன்று மாலையே அதைக் கவிழ்த்துப் பாருங்கள். வார் ஒவ்வொன்றிலும் எத்தனை துளை மிச்சம் என்று எண்ணி, தேதியோடு இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.